மாடியில் ஓடிய ஆட்டுப்பால் படம்

எங்கள் ஊர்ப் பக்கம் பாக்கார் ஆராங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் எங்கள் படக்கூடம் இருக்கிறது. பேரங்காடித் திரையரங்குகளுக்கு வராத படங்களைப் பார்க்க ஆசைப்பட்ட நாலைந்து பேர் சேர்ந்து தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் படம் போடுவோம். பெரும்பாலும் வெளிநாட்டுப் படங்கள். திரையின் அடியில் ஓடும் மலாய் எழுத்தை வேகமாகப் படிக்க முடியாதவர்களுக்காக, நான் திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு உட்கார்ந்து தமிழில் சொல்வேன். வாரம் முழுக்கத் தொழிற்சாலை இரைச்சலில் வேலை செய்பவளுக்கு, தன் குரலை நாலு பேர் கேட்பதே பெரிய சந்தோஷம்.

கூடம், கீழே கடை நடத்தும், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுகிறவருடையது. தமிழ் முஸ்லிம், அறுபதைத் தாண்டியவர். படம் பார்க்கும் பழக்கமே அவருக்கு இல்லை. சும்மா கிடக்கிற இடம்தானே என்று கொடுத்திருந்தார். ஒருநாள் என்னை அழைத்து, தேநீர் வரவழைத்து எதிரில் உட்கார்ந்தார். உடற்பயிற்சிக் கூடம் வைக்க ஒருவர் மாடியைக் கேட்கிறாராம்.

"கோவிச்சுக்காதம்மா. கூட்டம் வந்தாலாவது மகன்கிட்ட நான் பேசலாம். நாலு பேருக்கு எதுக்கு ஒரு மாடின்னு கேக்குறான் லா."

அவர் சொன்னதில் தப்பில்லை. பெரிய நடிகர் படம் ஒன்றைப் போட்டால் கூடம் நிரம்பிவிடும் என்றார் எங்களில் ஒருவர். நிரம்பும்தான். அதற்குப் பேரங்காடி இருக்கும்போது இந்த மாடி எதற்கு என்று நான் கேட்டேன். யாருக்கும் கோபமில்லை, எல்லாருக்கும் அலுப்பு. கடைசியில், வராதவர்களை நாமே போய்க் கூப்பிடுவது என்று முடிவானது.

பக்கத்து ஊர் மெர்போக்கில் என் நாத்தனார் ரப்பர் பால் வெட்டுகிறார்; பாலின் எடைக்குத்தான் கூலி. அவரிடம் போனேன். புரியாத பாஷைப் படத்தில் தனக்கு என்ன இருக்கிறது என்றார். நான் சொல்கிறேன், வந்தால் போதும் என்றேன். என்மேல் இரக்கப்பட்டோ என்னவோ, கூட வேலை செய்யும் பெண்களையும் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

படம் ஒரு மலைநாட்டில் ஆடு வளர்க்கும் விதவையைப் பற்றியது. விடியற்காலையில் பால் கறந்து, சாலைவரை தூக்கிப் போவாள். எடை போடுகிறவன் தண்ணீர் கலந்திருக்கிறது என்று சொல்லிக் குறைத்துக்கொள்வான். அவன் பேச்சை நான் தமிழில் சொல்லி முடிக்கவில்லை. நடு வரிசையிலிருந்து நாத்தனார் குரல் கேட்டது.

"அங்கேயும் எடை போடுறவன் இப்படித்தானா?"

கூடமே சிரித்தது. அதற்குப் பிறகு எனக்கு அதிக வேலை இருக்கவில்லை. பனி கொட்டிச் சாலை அடைபட்டு, பால் லாரி வராமல் போனபோது, மழையில் கெட்டுப்போன ரப்பர் பாலை எத்தனையோ முறை பார்த்த அந்தப் பெண்கள் ஒன்றாகப் பெருமூச்சு விட்டார்கள். லாரிக்காரனைத் திட்டினார்கள். அவளுக்கு யோசனை சொன்னார்கள். நான் மைக்கை மடியில் வைத்துவிட்டேன்.

சண்டையோ என்று பயந்து அண்ணன் மேலே வந்தார். அப்போது திரையில் அவள் கெட்டுப்போன பாலைப் பனியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் என் பக்கம் குனிந்தார்.

"ஏம்மா அந்தப் பொண்ணு கொட்டுது? முன்னாடியே தயிராவாவது ஆக்கியிருக்கலாமே."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கீழேயிருந்து ஆள் வந்து கூப்பிட்டும் போகாமல், கதவில் சாய்ந்தபடி கடைசிவரை நின்றார்.

உடற்பயிற்சி இயந்திரங்களை இறக்கிவிட்டால் ஞாயிறு படத்துக்காக நகர்த்த முடியாது. அதனால் அண்ணன் மாடியைக் கேட்டவரிடம் முடியாது என்று சொல்லிவிட்டு, வார நாட்களில் வகுப்பு நடத்த ஒரு நடன ஆசிரியைக்குக் கூடத்தைக் கொடுத்தார். மகனும் ஒத்துக்கொண்டார். ஞாயிறு எங்களுக்கு. அந்த வகுப்பு நடக்கும்வரைதான் இந்த ஏற்பாடு, அதற்குமேல் தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்றும் சொன்னார்.

ஆசிரியை ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்திருக்கிறார். படம் அதில் இடவலம் மாறித் தெரிந்து கண்ணை உறுத்தியதால், பழைய திரைச்சீலைகளைத் தைத்துத் தொங்கவிட்டோம். மூலையில் மட்டும் துணி எட்டவில்லை. நாத்தனார் வேண்டுமென்றே அங்கே போய் உட்காருகிறார்; படம் பார்ப்பவர்களின் முகங்களையும் கண்ணாடியில் பார்க்கலாமாம். போன வாரப் படம் அவருக்குப் பிடிக்கவில்லை, பாதியில் தூங்கிவிட்டார். படியிறங்கும்போது, அடுத்த படத்துக்கு வேனில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் வேண்டும் என்றார்.