அகராதி எழுதிய தப்பு அர்த்தம்

இசைக்குழுவில் எல்லோரும் அவளை 'அகராதி' என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு அர்த்தத்திலும் பொருந்துகிற பெயர். வாசிக்கும் தாள்களில் அச்சாகியிருக்கும் இத்தாலியச் சொற்களின் மேல் பென்சிலால் அர்த்தம் எழுதிவைப்பது அவள் வேலை. எழுதியதை மாற்றச் சொன்னால், குழுத்தலைவரே வந்தாலும் மசியமாட்டாள்.

புதிதாகச் சேர்ந்த டிரம்ஸ்காரர் ஒருமுறை 'அட்டாக்கா' என்ற சொல்லைப் பார்த்துப் பதறிவிட்டார். "யாருக்கும்மா அட்டாக்கு?"

"யாருக்கும் இல்ல. நடுவுல நிறுத்தாம அடுத்ததுக்குப் போகணும்னு அர்த்தம். நிறுத்தினீங்கன்னா உங்களுக்கு வரும்."

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரே ஒரு சொல்லுக்குத்தான் அவள் தப்பாக அர்த்தம் எழுதினாள். அது புருஷனுக்காக.

அவர் கிளாரினெட் வாசிப்பவர். நெஞ்சைப் பரிசோதித்த டாக்டர், "இந்தக் கச்சேரியோட ஊதுறத விட்டுடுங்க. இதுவே ஜாஸ்தி" என்று சொல்லியிருந்தார். அந்தக் கச்சேரியின் கடைசி வரி அவருக்கு மட்டும். அதன் மேல் 'மொரெண்டோ' என்றிருந்தது. செத்துக்கொண்டே என்று அர்த்தம். ஒலி சிறுகச் சிறுக அடங்க வேண்டும். அவளுக்குப் பென்சில் ஓடவில்லை. 'ஓய்ந்து' என்றாவது எழுதலாம் என்று 'ஓ' போட்டாள். அதற்குமேல் கை தானாகவே 'ஓயாமல்' என்று முடித்துவிட்டது.

ஞாயிறு மாலை கச்சேரி. எல்லா வாத்தியமும் அடங்கியது. தலைவர் கையை இறக்கினார். புருஷன் கிளாரினெட்டை மடியில் கிடத்தினார். ஆனால் இழை மாதிரி ஒரு ஸ்வரம் அப்படியே நின்றது. கைதட்டலில் போய்விட்டது என்றுதான் நினைத்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால், கூடவே வந்திருந்தது.

மறுநாள் காலை அவர் படியேறி வந்து நின்றார். "மூணு மாடி. மூச்சே வாங்கலடி, பாத்தியா?"

பார்த்தாள். சட்டைப் பொத்தான்கள் அசையவில்லை. பேசினார், சிரித்தார், பேப்பரைப் புரட்டினார். நெஞ்சு மட்டும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மூக்கு முட்டுகிற மாதிரி நின்று சவரம் செய்தபோதும் கண்ணாடியில் ஆவி படியவில்லை.

"ஏங்க, ஏதாவது சத்தம் கேக்குதா?"

"இந்த வீட்டுல உன் சத்தத்தத் தவிர வேற என்ன கேக்கப்போகுது?"

தாள்களெல்லாம் வாடகைக்கு வந்தவை. பென்சில் எழுத்தை அழித்து வெள்ளிக்கிழமை திருப்பி அனுப்பியாக வேண்டும். வியாழன் மதியத்துக்குள் எல்லாவற்றையும் அழித்துவிட்டாள். அவருடைய கடைசித் தாளை மட்டும் மேசை விரிப்புக்கு அடியில் செருகினாள். தொலைந்துபோச்சு என்று சொல்லிவிட்டால் யார் வந்து சோதனை போடப்போகிறார்கள்?

உள்ளறையிலிருந்து அவர் குரல் வந்தது. "நாலு நாளா கண்ண மூட முடியலடி. உக்காந்தா எழுந்திருங்குது, எழுந்தா நடங்குது. கொஞ்சம் ஓஞ்சு படுக்கணும் போல இருக்கு."

விளையாட்டாகப் பேசுகிற குரல் இல்லை அது.

தாளை வெளியே இழுத்தாள். கடைசி எழுத்திலிருந்து ரப்பரைத் தேய்த்தாள். 'ல்' போனது. 'ம' போனது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஸ்வரம் மெலிந்தது. 'யா'வும் போய் 'ஓ' மட்டும் மிச்சம்.

"ஏங்க."

"ம்."

"ஜன்னலத் திறந்து விடட்டுமா?"

"வேணாம். நீ வேலையப் பாரு."

வேலையைப் பார்த்தாள். 'ஓ'வும் போனது. ரப்பர் துகளை ஊதித் தள்ளினாள். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. எழுந்து போய்ப் பார்க்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.