கண்டக்டர் வீட்டுச் சளி

முதலில் தூசியைத்தான் சந்தேகப்பட்டார்கள். கண்டக்டர் வெயிலில் போட்டுத் தட்டித் தட்டியே மெத்தை நைந்துபோனது. பூனையை எதிர் வீட்டுக்குக் கொடுத்தார்கள். அது ஜன்னலில் உட்கார்ந்து இவர்களையே முறைத்துக்கொண்டிருந்தது. மனைவிக்கு இழுப்பு மட்டும் நிற்கவில்லை.

கடைசியில் ஒரு டாக்டரம்மா கேட்டார்: "மூச்சுத்திணறல் வர்றதுக்கு முன்னாடி வீட்டுல யாருக்காவது ஜலதோஷம் இருந்துச்சா?"

மனைவி திரும்பிப் பார்த்தாள். "இந்த மனுஷன் தும்முவாருங்க. அப்புறம் நான் படுத்துடுவேன்."

"அவருக்கு மூக்கோட போயிடுற வைரஸ் உங்களுக்கு நெஞ்சுல இறங்குது. ஆஸ்துமாக்காரங்களை அதிகமா படுக்க வைக்கிறதே இந்தச் சளிதான்."

கண்டக்டரின் முகம் விழுந்துவிட்டது. பேருந்தில் நாளெல்லாம் எத்தனை பேர் முகத்துக்கு நேரே இருமுகிறார்கள்! அவ்வளவையும் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் இறக்கிவிட்டிருக்கிறார்.

அன்றிலிருந்து, தொண்டை கரகரத்தாலே டிப்போ ஓய்வறையில் படுத்துக்கொள்வார். "என்னண்ணே, அண்ணி மறுபடியும் துரத்திட்டாங்களா?" என்பார் டிரைவர். போனில் அவள் சாப்பாட்டை விசாரிக்கமாட்டாள்.

"என்னங்க, மூக்கு எப்படியிருக்கு?"

"ஒழுகுது."

"அப்ப அங்கேயே கிடங்க."

சிரிப்பாள். அந்தச் சிரிப்பு இருமலில் போய் முடியாவிட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

அந்த மழைக்காலத்தில் அவருக்குச் சளி விடவேயில்லை. அக்கா தனியாகக் கிடக்கிறாளே என்று மனைவியின் தங்கை துணைக்கு வந்து தங்கினாள். வரும்போதே அவளுக்கு மூக்கு லேசாக ஒழுகியது. இதையெல்லாமா சொல்லிக்கொண்டிருப்பது என்று விட்டுவிட்டாள்.

இழுப்பு அதிகமாகிவிட்டதென்று தங்கையிடமிருந்து போன் வந்து கண்டக்டர் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது, நர்ஸ் வார்டு வாசலிலேயே மறித்தார். "நீங்களே இருமுறீங்களே. இங்கேயே நில்லுங்க."

கண்ணாடிக்கு அப்பால் மனைவி உட்கார்ந்தபடியே மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தாள். கையை அசைத்தாள். வா என்றாளா, வராதே என்றாளா, அவருக்கு விளங்கவில்லை. நின்றார்.

பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கத்துக்கு வந்தவர்கள் போன பிறகு தங்கை சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். "நான்தான் மாமா அக்காவைக் கொன்னுட்டேன். எனக்குச் சளி இருந்துச்சு."

கண்டக்டர் அவள் நெற்றிக்கும் சுவருக்கும் நடுவில் உள்ளங்கையை வைத்தார். கோபப்படக்கூட உடம்பில் தெம்பில்லை.

"உனக்கு யாரு குடுத்தாங்களோ. எழுந்திரும்மா, முகத்தைக் கழுவு."