ஒவ்வொன்றாகக் கேளுங்கள்

டீயா காப்பியா என்று காலை எட்டு மணிக்குக் கேட்டால், விரிப்பை மடித்துக்கொண்டே, "பொறு, உள்ள போகட்டும்" என்பார். பதில் பத்தரைக்கு வரும். வந்த பிறகு மாறாது. அந்த மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவருக்குப் பெயரே 'பொறு' என்றாகிவிட்டது.

வயது நாற்பத்தொன்று. புத்தி மெதுவாகத்தான் வேலை செய்யும் என்று சிறுவயதிலேயே ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தச் செய்தி கைகளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அவர் மடித்து அடுக்கிய விரிப்புகள் சுவர் மாதிரி நிற்கும்.

எதையும் மூன்று பேரிடம் கேட்பார், செருப்பு வாங்குவதைக்கூட. இயந்திரம் ஓட்டுபவர் எதற்கும் வேண்டாம் என்பார். மேற்பார்வை அம்மா எதற்கும் பார்க்கலாம் என்பார். அக்கா, "நான் பாத்துக்கிறேன், விடுடா" என்பாள். "மூணு பேரு சொல்றதையும் கேட்டா, நான் என்ன சொல்றேன்னு எனக்குத் தெரிஞ்சிரும்" என்பது அவருடைய வழி.

அக்கா வீட்டுக்காரருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. தம்பியையும் சேர்த்து மூட்டை கட்ட அவள் தீர்மானித்துவிட்டாள். அவருக்கோ சலவைக்கூடத்தையும் அதற்குப் பின்னாலிருந்த தன் அறையையும் விட மனமில்லை. யார் சொல்வது செல்லும்? இருவரும் அரசு அலுவலகத்துக்குப் போனார்கள்.

மேசைமேல் இரண்டு தாள்கள். முதல் தாளில் கையெழுத்திட்டால், இனி அவருக்காக எல்லாவற்றையும் அக்காவே முடிவு செய்வாள். இரண்டாவதில், அக்கா படித்துக் காட்டலாம், விளக்கலாம், யோசனை சொல்லலாம். முடிவு அவருடையது.

"தம்பிக்கு எது இஷ்டம்? உங்ககூட வருவாரா, இங்க தனியா சமாளிப்பாரா, சமைக்கத் தெரியுமா?" என்று அதிகாரி அக்காவைக் கேட்டார்.

"என்னைக் கேளுங்க சார். ஒவ்வொண்ணாக் கேளுங்க."

அதிகாரி நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு தாள்களையும் இரண்டு தடவை படித்துக் காட்டினார். "பொறுங்க, வந்துடறேன்" என்று தம்பி எழுந்து வெளியே போனார். வாசல் காவலாளியைக் கேட்டார். வரிசையில் நின்ற, முன்பின் தெரியாத ஒரு பெண்ணையும் கேட்டார்.

"அக்காகூடப் போனா மூணு வேளையும் சாப்பாடு. யோசிக்க என்ன இருக்கு?" என்றார் காவலாளி.

"போற வீட்ல, உங்க ரூம் சாவி யார்கிட்ட இருக்கும்?" என்றாள் அந்தப் பெண்.

அங்கேயே வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து, "அக்கா, நீ சொல்லு" என்றார்.

"வந்துருடா. தனியாக் கெடந்து என்ன பண்ணுவ?"

"ரெண்டாவது தாள்."

"அப்புறம் என்னை எதுக்குடா கேட்ட?"

"உன்னைக் கேக்காம எப்படி? நாளைக்கும் கேப்பேன். போன்ல."

"வாய் மட்டும் வக்கணையா இருக்கு" என்று அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தாளை அவர் முன் நகர்த்தி, "இங்க போடு" என்று கோட்டின்மேல் விரலை வைத்தாள்.

அவர் அந்தக் கையை மெல்லத் தூக்கி அவள் மடியில் வைத்தார். பிறகு, பரீட்சையில் பக்கத்து பெஞ்சுக்காரன் எட்டிப் பார்த்துவிடாதபடி மறைப்பதுபோல, இடக்கையால் தாளை வளைத்துக்கொண்டு குனிந்து எழுத ஆரம்பித்தார்.