கண்ணாடி இல்லாத கேமரா

என் அக்காவின் கணவருக்கு எங்கள் தெருவில் 'சிரிக்காதே' என்று பெயர். பாஸ்போர்ட் படத்துக்கு ஆளை ஸ்டூலில் உட்கார வைத்ததும் அவர் சொல்கிற முதல் வார்த்தை அது. அதைக் கேட்டால் வங்கி மேலாளரே சிரித்துவிடுவார். சிரித்து ஓய்ந்து முகம் தன் இடத்துக்குத் திரும்புகிற அந்த அரை நொடியில் அத்தான் பட்டனை அமுக்குவார். அரசாங்கப் படிவத்தில் ஒட்டுகிற படத்தில்கூட மனிதன் மனிதனாகத் தெரிவான். அதற்காகவே இரண்டு பேருந்து மாறி வருகிறவர்கள் உண்டு.

ஸ்டூடியோ ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே இருக்கிறது. பின்னறையில் சாம்பல் நிறத் திரை, இரண்டு விளக்குகள், உட்கார்ந்தால் முனகுகிற ஸ்டூல். முன்னறையில் கணினியும் நானும். பன்னிரண்டு வருடமாக ஊரார் முகத்துப் பருவையெல்லாம் துடைத்தெடுத்து ஆல்பம் போடுவது என் வேலை. என் மூக்குக்கண்ணாடியை வைத்து அத்தான் என்னை 'சோடாபுட்டி' என்பார். நான் கோபித்துக்கொண்டதில்லை. அவர் வாயிலிருந்து வந்தால் அது செல்லப் பெயர்.

அவரிடம் இருந்தது பதினோரு வயதான டிஎஸ்எல்ஆர். அதற்குள் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. லென்ஸில் வருவதை அது மேலே திருப்பி நம் கண்ணுக்குக் காட்டும். பட்டனை அமுக்கினால் 'சடக்' என்று எழுந்து வழிவிடும். இப்போது வருகிற மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி கிடையாது, எட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு குட்டித் திரை. அதை வாங்கச் சொல்லி இரண்டு வருடமாக அவரை நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாரும் மாறிட்டாங்க அத்தான். எதிர்ல இருக்கிறவங்க கண்ணை அதுவே தேடிப் பிடிச்சு ஃபோகஸ் பண்ணுது."

"அப்ப நான் எதுக்கு? வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு கும்பிடறதுக்கா?"

"வெயிட்டும் கம்மி. சத்தமே வராது."

"சத்தம் வந்தாதான் எடுத்தாச்சுன்னு அவங்க மூச்சை விடுவாங்க. அதுவுமில்லாம உள்ள இருக்கிறது டிவி. எனக்கு ஆளைப் பார்க்கணும். டிவி பார்க்க வீட்டுல உங்கக்கா இருக்கா, ரிமோட்டும் அவ கையிலதான் இருக்கு."

இப்படியே பேச்சை முடித்துவிடுவார். நான் நச்சரித்தது ஸ்டூடியோவின் நலனுக்காக என்றுதான் அக்காவிடம் சொல்லி வந்தேன். அது முழு உண்மையில்லை. பழைய கேமராவை அவர் யாரையும் தொடவிட மாட்டார். புதிதாக ஒன்று வந்தால் அது என் கையிலும் கொஞ்சம் இருக்கும் என்ற நப்பாசை எனக்கு. பன்னிரண்டு வருடம் மற்றவர் எடுத்த படத்தைத் துடைத்தவளுக்குத் தானும் ஒன்று எடுத்துப் பார்க்க ஆசை வராதா?

ஒருநாள் அவருடைய நண்பர் ஒருவர் இறந்துவிட, கேமராவை அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். விசாவுக்குப் படம் வேண்டும், மூன்று மணிக்குள் கொடுத்தாக வேண்டும் என்று அழாத குறையாக நின்றாள். நான் கேமராவை எடுத்தேன். மூக்குக்கண்ணாடி, கண் வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டரில் இடித்தது, கழற்றி வைத்தேன். எல்லாம் புகைமூட்டமாக இருந்தது. கண் வைக்கிற ரப்பருக்குப் பக்கத்தில் மிளகு அளவில் ஒரு சக்கரம் தட்டுப்பட்டது. திருப்பினேன். திருப்பத் திருப்பக் குழந்தையின் இமை மயிர்வரை பளிச்சென்று தெரிந்தது. கேமராவில் ஏதோ நகர்ந்து போயிருந்திருக்கிறது, நாம் சரிசெய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். பெருமையாகக்கூட இருந்தது. என் புத்தி அவ்வளவுதான்.

மறுநாள் குழந்தையின் படத்தைப் பார்த்து அத்தான், "பரவாயில்லையே சோடாபுட்டி" என்றார். அந்த வாரமே, "முதுகு வலிக்குதும்மா, நீயே எடு" என்று பாஸ்போர்ட் படங்களை என்னிடம் விட்டார். பிறகு குடும்பப் படங்களையும் விட்டார். அவர் முன்னறையில் உட்கார்ந்து பேர் எழுதிக்கொண்டார். மூன்று மாதம் நான்தான் எடுத்தேன். வருகிறவர்கள், "அந்த அம்மாவே எடுக்கட்டும்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. முதுகு வலிக்கிற மனிதர் எப்படி நாள் முழுக்கக் கூன் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு தடவைகூட நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பது வசதியாக இருந்தது.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"அந்த மிரர்லெஸ் கண்ணைத் தேடிப் பிடிக்கும்னு சொன்னியே, நிஜமாவா?"

"நிஜந்தான். ஏன் அத்தான்?"

"எனக்குக் கண்ணு போயிடுச்சும்மா. முதுகு கிதுகு எல்லாம் பொய்."

வியூஃபைண்டரில் பார்த்தால் எல்லாம் மங்கலாக இருக்கிறது என்றார். ஃபோகஸைக் கேமராவே பார்த்துக்கொள்ளும்படி விட்டால் படம் தெளிவாக வருகிறது, அவர் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை. ஆகவே கேமராவில் குறையில்லை, கண்ணில்தான் என்று கணக்குப் போட்டிருந்தார். செய்தித்தாளின் சின்ன எழுத்தும் கொஞ்ச நாளாகத் தெரிவதில்லை. அவருடைய அப்பாவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் முழுப் பார்வையும் போனது. பதினெட்டு வயதுப் பிள்ளையாக அவர்தான் அப்பாவைக் கைபிடித்துக் கழிப்பறைவரை கூட்டிப் போனவர். இப்போது அவருக்கு ஐம்பத்தொன்று. டாக்டரிடம் போகலாமே என்றேன்.

"போனா அதுக்கு ஒரு பேர் வச்சிடுவாங்க. பேர் வச்சிட்டா முடிஞ்சுபோச்சு. அக்காகிட்ட சொல்லிடாதே."

அப்போதுகூட அந்தச் சக்கரம் நினைவுக்கு வரவில்லை. இதை மட்டும் யார் முன்னாலும் நெஞ்சைத் தொட்டுச் சொல்வேன். நான் நெஞ்சைத் தொட்டுச் சொல்லக்கூடியது அதோடு முடிகிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை கேமரா கடைக்குப் போனோம். கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஒரு பெண் மிரர்லெஸ் ஒன்றை எடுத்து அத்தான் கையில் கொடுத்தாள். அவர் தயங்கித் தயங்கிக் கண்ணை வைத்தார். அப்படியே நின்றுவிட்டார். எதிர் அலமாரி, அதிலிருந்த விலைச்சீட்டு, வாசலில் நின்ற காவலாளியின் மீசை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"தெரியுதும்மா. எல்லாம் தெரியுது. என் கண்ணுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டார். பழையதைக் கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொள்வது. புதுச்சரக்கு அடுத்த வாரம் போய் அதற்கடுத்த திங்கட்கிழமை வரும் என்றார்கள். "கண்ணு இருக்கிறவரைக்கும் நான் எடுக்கிறேன், அப்புறம் உனக்கு" என்று என் கையில் கொடுத்துவிட்டு லென்ஸ் அலமாரிப் பக்கம் போனார். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். புகைமூட்டம்.

"மேடம், இந்தச் சக்கரத்தை உங்க கண்ணுக்குத் தகுந்த மாதிரி திருப்பிக்குங்க. உங்க கேமராவுலயும் இருக்குமே" என்றாள் அந்தப் பெண். "ஆனா அடுத்தவங்க பார்க்கும்போது திரும்ப மாத்திக் குடுக்கணும். இல்லேன்னா அவங்களுக்கு எல்லாம் மங்கலாத் தெரியும். சில பேர் தன் கண்ணுதான் போச்சுன்னு பயந்துபோய் வருவாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

என் முகத்தில் ஈயாடவில்லை. பத்தடி தள்ளி அத்தான் ஒரு விளம்பரத் தாளைக் கைக்கெட்டிய தூரத்தில் நீட்டிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். "அத்தான்" என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் போதும். கடையில் இத்தனை பேர் இருக்கும்போது எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். அது முதல் சாக்கு. பேருந்தில் இரைச்சலாக இருந்தது, அது இரண்டாவது. சனிக்கிழமை அவர் சந்தோஷமாக இருந்தார், கெடுப்பானேன் என்றிருந்தது. அதற்குப் பிறகு சாக்கு தேடவும் தேவைப்படவில்லை, வாயைத் திறக்காமல் இருப்பது பழகிவிட்டது.

பயம் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் நானே நம்ப மாட்டேன். சொல்லிவிட்டால் மிரர்லெஸ் வராது. சொல்லிவிட்டால் அத்தான் பின்னறைக்குப் போவார், நான் மறுபடி பரு துடைக்கப் போக வேண்டும். ஒரு மனிதர் தன்னைக் குருடாகப் போகிறவன் என்று நம்பிக்கொண்டிருக்க, நான் ஸ்டூலுக்கு எதிரே நின்று, "கொஞ்சம் தாடையைத் தூக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எழுதவே கை கூசுகிறது. சத்தமில்லாமல் சக்கரத்தைத் திருப்பி வைத்துவிடலாம் என்று ஒருநாள் கேமராவைக் கையில் எடுத்தேன். திருப்பினால் எனக்குத் தெரியாதே என்று என் கண்ணே சொன்னது. திருப்பாமல் அப்படியே அலமாரியில் வைத்துவிட்டேன்.

கடைக்குப் போய் வந்த ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். மாடிக்குப் போகிற படியில் அத்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரு கையால் சுவரைத் தடவியபடி இறங்கி வந்துகொண்டிருந்தார். உதடு எண்ணிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு படியை எண்ணாமல் விட்டுவிட்டார் போலிருக்கிறது. தரையை இன்னொரு படி என்று நினைத்துக் காலை ஊன்றித் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு திரும்பவும் மேலே போனார். நான் நின்றதை அவர் பார்க்கவில்லை.

"ஒரு வாரமா இதே கூத்துதான்" என்றாள் அக்கா சமையலறையிலிருந்து. "கேட்டா முழங்காலுக்குப் பயிற்சியாம். நேத்து அலமாரியில என் புடவையெல்லாம் எங்க எங்க இருக்குன்னு தொட்டுப் பார்த்துக்கிட்டிருந்தார். உனக்கு ஏதாவது தெரியுமாடி?"

"தெரியாதுக்கா" என்றேன். அதுவும் பொய்தான்.

சாப்பிட்டு முடித்ததும் அத்தானை ஸ்டூடியோவுக்கு வரச் சொன்னேன். நாளைக்குக் கேமராவைக் கொடுப்பதற்கு முன்னால் ஒன்று பார்க்க வேண்டும் என்றேன். பல் மருத்துவமனை மூடிக் கிடந்தது. அவர் பழைய கேமராவை ஏற்கெனவே ஒரு பூத்துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தார். நான் அதை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கண்ணை வைக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று சக்கரத்தை மெதுவாகத் திருப்பினேன்.

அவர் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது.

"என்னம்மா பண்ணின?"

"நான்தான் அத்தான். அந்தக் குழந்தையை எடுத்த அன்னிக்கு என் கண்ணுக்காகத் திருப்பினேன். திரும்ப மாத்தி வைக்கல. உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்ல."

கேமராவை இறக்காமலே ஸ்டூலில் உட்கார்ந்தார். ஸ்டூல் முனகியது. திரையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பதினோரு வருடத்தில் வேறு யார் கண்ணும் படாத கேமரா, அந்தச் சக்கரத்துக்கு அவரிடம் வேலையே இருந்ததில்லை, அதனால்தான் அது அவருக்குத் தோன்றவில்லை. கேமராவை மடியில் வைத்தபோது கன்னம் நனைந்திருந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவர் ஒன்றுதான் கேட்டார்.

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

கேட்ட தொனியில் குற்றச்சாட்டு இல்லை. நான் என்ன சொன்னாலும் நம்பத் தயாராக இருந்த முகம் அது.

"இன்னிக்குக் காலையில அத்தான். இங்க வந்து லென்ஸைத் துடைச்சப்ப."

நான் அன்று காலை ஸ்டூடியோவுக்கே போகவில்லை.

"தெரிஞ்ச அன்னிக்கே வந்து சொல்லிட்டியே" என்று என் தலையில் கை வைத்தார். "போதும்மா. இந்த மனசு யாருக்கு வரும்." அதற்குப் பிறகுதான் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அக்காவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினார். அவள் அந்தப் பக்கம் திட்டியது எனக்கே கேட்டது.

திங்கட்கிழமை கடைக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை கண் டாக்டரிடம் போய்ப் படிக்கிற கண்ணாடி ஒன்று எழுதி வாங்கிக்கொண்டு வந்தார். மறுபடி பின்னறையிலிருந்து 'சிரிக்காதே' என்ற குரலும் சடக் என்ற சத்தமும் வர ஆரம்பித்தன. என்னைத் திரும்பப் பரு துடைக்க விடுவார் என்றுதான் நினைத்தேன். நான்கு மாதம் கழித்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். உள்ளே மிரர்லெஸ்.

"கண்ணாடி போட்டவளுக்குக் கண்ணாடி இல்லாத கேமரா. எனக்கு என் பழசு போதும். இது உனக்கு. அன்னிக்கு உண்மையைச் சொன்னதுக்கு."

அதில்தான் இப்போது நான் படம் எடுக்கிறேன். நல்ல கேமரா. எதிரில் இருப்பவர் கண்ணைச் சரியாகத் தேடிப் பிடிக்கிறது.

அத்தானுக்கு இது ஒரு கதையாகிவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்தவரிடம் விளக்கைச் சரிசெய்தபடியே ஆரம்பிப்பார். தான் குருடனான கதை, படி எண்ணிய கதை, சேலை தடவிய கதை. கேட்பவர் விழுந்து விழுந்து சிரிப்பார். கடைசியில் என் பக்கம் கையைக் காட்டி, "வேற யாராவதா இருந்தா சத்தமில்லாம திருப்பி வச்சிட்டுப் போயிருப்பாங்க. இவ தெரிஞ்ச அன்னிக்கே சொல்லிட்டா" என்று முடிப்பார். ஒவ்வொரு தடவையும் அந்த 'அன்னிக்கே'யைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வார். வந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று போன வாரம் ஒரு அம்மாள் அத்தானிடம் சொன்னாள். ஆமாம், அவ எப்பவுமே அப்படித்தான் என்றார் அவர்.