நீதிபதி வேஷக்காரரின் காது

ஹோபர்ட் ப்ரூயிட்டின் பெயர் யாருக்கும் நினைவிருக்காது. முகத்தைப் பார்த்தால் எல்லோருக்கும் தெரியும். ஓஹையோவில் கிளம்பி, இருபத்திரண்டு வருஷம் ஊர் ஊராக நாடகம் நடித்து, படம் பேச ஆரம்பித்ததும் ஹாலிவுட்டுக்கு வந்தவர். ஹோட்டல் மேனேஜர், பாதிரியார், பெரும்பாலும் நீதிபதி. புருவத்தைத் தூக்கி ஒரே ஒரு வரி சொல்வார், தியேட்டரே சிரிக்கும்.

ஐம்பத்தெட்டு வயதில் வலது காது அடைத்துப்போனது. அடுத்த குளிர்காலத்துக்குள் இடதும் மங்கிவிட்டது. டாக்டரையும் மனைவி வெர்னாவையும் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அவ்வளவுதான், அவர் நாற்காலிக்கு நூறு நரைத்த தலைகள் காத்திருந்தன. எல்லோருடைய வசனத்தையும் மனப்பாடம் செய்து, உதடுகளைப் பார்த்தே சமாளித்துவந்தார்.

அந்த வருஷம் ஒரு கோர்ட் காட்சி வந்தது. வக்கீல் ஜூரியைப் பார்த்துப் பேசுவார். நீதிபதிக்குத் தெரிவது முதுகு மட்டும்.

"உடம்பு சரியில்லைன்னு சொல்லிடு ஹோபி," என்றாள் வெர்னா.

"ஒரு தடவை சொன்னா மறுபடி கூப்பிடவே மாட்டாங்க."

ஒத்திகையில் வக்கீல் முடித்துவிட்டார். ப்ரூயிட் அசையவில்லை. டைரக்டர் அவர் முகத்துக்கு நேரே வந்தார்.

"என்ன ஜட்ஜய்யா, காலையிலயே தூக்கமா?"

சுற்றிலும் தோள்கள் குலுங்கின. அவரும் சிரித்துவைத்தார். அங்கிக்குள் சட்டை நனைந்திருந்தது.

பக்கத்தில் சாட்சி நாற்காலியில் நடிகை லெனோர் ஹாஸ்கெல். அவளிடம் சொல்லலாம், ஆனால் தன் கிசுகிசுப்பு எவ்வளவு தூரம் கேட்கும் என்று அவருக்கே தெரியாதே! பென்சிலை எடுத்து வசனத்தாளின் பின்புறம் எழுதினார்: 'எனக்குக் காது கேட்காது. வக்கீல் முடித்ததும் கைக்குட்டையை மடியில் போடுங்கள்.'

அவள் படித்தாள். தாளைத் துண்டுதுண்டாகக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்தாள்: "சரி."

கேமரா ஓடியது. அவர் கண்ணில் அந்தக் கைக்குட்டையைத் தவிர எதுவும் இல்லை. விழுந்தது. சுத்தியலைத் தட்டினார்.

"உட்காருங்க வக்கீலே, ஜூரி இன்னும் சாப்பிடலை."

டைரக்டர் கட்டைவிரலை உயர்த்தினார்.

மூச்சு திரும்புவதற்குள் ஒலிப்பதிவுக்காரர் வெக்ஸ்லர் அவரை ஓரமாக அழைத்துப்போனார். நேருக்கு நேர் நின்று நிதானமாகப் பேசினார்.

"மிஸ்டர் ப்ரூயிட், ஒரு வருஷமா உங்க குரல் ஏறிக்கிட்டே போகுது. நான்தான் குறைச்சுக் குறைச்சுப் பதிவு பண்றேன்."

ப்ரூயிட் சுற்றிலும் பார்த்துக்கொண்டார். "யார்கிட்டயாவது சொன்னியா?"

"யாரும் கேக்கலையே. ஆனா மத்த ஸ்டுடியோவுல என்ன பண்ணப் போறீங்க?"

ப்ரூயிட் பென்சிலை அங்கிக்குள் செருகிக்கொண்டார்.

அதன்பிறகு ஆறு வருஷம், முப்பத்துநான்கு படங்கள். புதிய செட்டில் கால் வைத்ததும், பக்கத்தில் உட்காரப்போவது யார் என்றுதான் முதலில் பார்ப்பார், பிறகு பென்சிலை எடுப்பார். அப்படி எத்தனை பேருக்கு எழுதிக்கொடுத்தாரோ, வெர்னாவுக்கும் கணக்குத் தெரியாது. ஒருவர்கூட வெளியே சொல்லவில்லை.