ஸ்டெல்லா அக்காவின் பெரம்பூர் வீடு

ஸ்டெல்லா அக்கா இறந்த செய்தி எனக்கு வேலையாகத்தான் வந்தது. கும்மிடிப்பூண்டி பஜாரில் நான் டைப் அடிக்கும் டி.டி.பி. கடைக்கு ஒருவர் காலையிலேயே வந்தார். கையில் ஒரு போட்டோவும் துண்டுச்சீட்டும் இருந்தன. "கண்ணீர் அஞ்சலி போஸ்டர்மா. எங்க அக்கா. மதியத்துக்குள்ள வேணும்" என்றார். சீட்டிலிருந்த பெயரை அடித்து முடித்த பிறகுதான் போட்டோவைப் பார்த்தேன். எனக்கு அவரைத் தெரியும் என்று வந்திருந்த அவருடைய தம்பியிடம் சொல்லவில்லை. நானாக யாரிடமும் பேசிப் பழக்கமில்லை. வயதை மட்டும் கேட்டேன். ஐம்பத்திரண்டு என்று போட்டுக் கொடுத்தேன்.

தொழிற்பேட்டைக் கேன்டீனில் சாப்பிட்டவர்களுக்கு அவரை சாம்பார் வாளியோடுதான் தெரியும். இன்னும் சிலருக்கு, எழுபதுகளில் சென்னை ஓட்டல்களிலும் ரயில்வே இன்ஸ்டிடியூட்டிலும் எலெக்ட்ரிக் கிட்டார், ட்ரம்ஸ் சகிதம் இங்கிலீஷ் ராக் பாட்டுப் பாடியவராகத் தெரியும். எனக்கு அவரை இரண்டு நோட்டுகளாகத் தெரியும்.

போன வருஷம் ஒரு விடுமுறை நாளில் அந்த நோட்டுகளை என் மேஜைமேல் வைத்தார். "உட்காருங்க ஆன்ட்டி" என்றேன்.

"ஆன்ட்டியா? அப்ப நான் எதிர்க்கடைக்குப் போறேன்."

"இல்லக்கா, உட்காருங்க."

"அது. எதுவரிக்கும் படிச்சிக்கீறே?"

"ஒம்பதாவது. பாதியில நின்னுட்டேன்."

"நான் அஞ்சாவது. அப்ப நீதான் இங்க பெரிய படிப்பு. அடி, பொஸ்தகம் போடணும். என் கதை."

பாட்டுக் குழுக்காரர் ஒருவரின் கதையை அதுவரை நான் படித்ததே இல்லை. அரிசி களைந்துகொண்டே சமையலறையிலிருந்து கிட்டார்காரருக்குச் சுதி திருத்தியதை எழுதியிருந்தார். ஒரு நடன நிகழ்ச்சியில் பாடுகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, ட்ரம்ஸுக்குப் பின்னால் கிட்டார் பெட்டிக்குக் காவல் உட்கார்ந்திருந்த இவரை மைக் முன்னால் தள்ளிவிட்டார்களாம். "எல்லாப் பாட்டும் எனக்கு மனப்பாடம். அர்த்தம்தான் ஒண்ணும் தெரியாது. ஆடினவங்களுக்கும் தெரியாது" என்று சொல்லிச் சிரித்தார். குழு கலைந்ததைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "ரேமண்ட் பிளேன் ஏறினான். நான் ட்ரெயின் ஏறினேன்."

ரேமண்ட் அந்தக் கிட்டார்காரர். அவரும் அக்காவும் கல்யாணம் செய்துகொள்ளாமல் பெரம்பூரில் ஒரு மாடி வீட்டில் இரண்டு வருஷம் சேர்ந்து இருந்தார்கள். நோட்டில் அது நான்கு பக்கம் வந்தது. ரெகார்டில் ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்துக் குழுவின் ஐந்து பேரும் பாட்டுப் படித்ததும், ஆம்ப்ளிஃபயருக்கு அக்கா பழைய புடவையில் உறை தைத்ததும், கீழ்வீட்டம்மா சத்தம் தாங்காமல் துடைப்பக்கட்டையால் கூரையை இடித்ததும் எல்லாம் அங்கேதான்.

அந்த நான்கு பக்கத்தையும் நான் அடிக்கவில்லை. கேன்டீனில் இதை வைத்து என்னவெல்லாம் பேசுவார்கள் என்று நினைத்தேன். அவருக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். "பெரம்பூரில் சில காலம் தங்கியிருந்தேன்" என்று ஒரு வரியைப் போட்டு மேலேயும் கீழேயும் இணைத்துவிட்டேன். சர்க்கரை நோய் அவர் கண்ணைக் கெடுத்திருந்ததால் புரூஃபை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். அந்த இடம் வந்தபோது மட்டும் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்து வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "நல்லா வந்துகீதுடி" என்றார்.

நூறு பிரதிகள் அச்சாகி வந்தன. இரண்டாம் நாளே கடை வாசலில் வந்து நின்றார். கேன்டீனில் யாரோ சத்தமாக வாசித்திருக்கிறார்கள்.

"ஏன்டி, நான் ரெண்டு வருஷம் இருந்த ஊட்டைக் காணோமே. யாரு இடிச்சது?"

"நான்தான்கா."

"இன்னாத்துக்கு?"

கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது.

"ட்ரம்ஸ் வாசிச்சவன் பேப்பர்ல பேட்டி குடுத்தான். அந்த ஊடு வருது, ரெகார்ட் ப்ளேயர் வருது, துடைப்பக்கட்டை கூட வருது. நான் வரல. சரி, நாமளே எழுதுவோம்னு எழுதினேன். இப்ப நான் எழுதினதுலயும் நான் இல்ல."

பிறகு, "கிட்னி போய்டுச்சின்னு டாக்டர் சொல்லிட்டாரு. எனக்கு ரெண்டாவது பொஸ்தகம்லாம் கெடையாதுடி" என்றார்.

அன்றே உட்கார்ந்து நான்கு பக்கத்தையும் ஒரு எழுத்து விடாமல் அடித்தேன். பொடி எழுத்தில் ஒரே தாளின் இருபுறமும் அடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடை ஓனர் அண்ணன் சாவியைக் கொடுத்தார். கேன்டீன் அக்காக்கள் நான்கு பேர் போஸ்டர் ஒட்டும் மைதாப் பசையைக் கிண்டி எடுத்து வந்தார்கள். ஸ்டெல்லா அக்காவையும் சேர்த்து எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொரு பிரதியிலும் அந்தத் தாளை ஒட்டினோம். நான் எதை மறைத்தால் அவருக்கு நல்லது என்று நினைத்தேனோ, அதை ஒட்ட வந்தவர்கள் ஒட்டுவதை விட்டுவிட்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"ரேமண்ட் சமைப்பாராக்கா?"

"முட்டை உடைப்பான். ஓட்டோட."

தாளை அளவாக வெட்டத் தெரியாததால் எல்லாப் பிரதியிலும் அது நகத்தளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "அக்கா, உன் ஊடு மட்டும் வெளிய நீட்டிக்கினு கீதே" என்றார் ஒருவர்.

"அது பால்கனிடி" என்றார் ஸ்டெல்லா அக்கா. பசைக் கையோடு எல்லோரும் சிரித்தோம். என் மேல் அவருக்குக் கோபம் இருந்ததென்றால் அன்றோடு தீர்ந்துவிட்டது என்றே நினைக்கிறேன். கிளம்பும்போது முதல் பிரதியை எனக்குத்தான் கொடுத்தார். அதன்பின் எட்டு மாதம் இருந்தார். கேன்டீனில் புத்தகத்தை வாங்கிப் படித்தவர்கள் சாம்பாருக்கு நிற்கும்போது அந்த வீட்டைப் பற்றித்தான் கேட்டார்களாம். வாரா வாரம் கடைக்கு வந்து அதையெல்லாம் எனக்குச் சொல்லிவிட்டுப் போவார்.

அடக்கம் முடிந்த ஐந்தாம் நாள் அவருடைய தம்பி மறுபடியும் கடைக்கு வந்தார். மாதா கோயில் கமிட்டியில் இருப்பவர், அதிர்ந்து பேசாதவர். பையில் பன்னிரண்டு பிரதிகள் வைத்திருந்தார். முப்பதாம் நாள் ஜெபத்துக்கு வரும் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டுமாம்.

"இந்த ஒரு தாள் தனியா ஒட்டினதுதானே? தண்ணி தொட்டா வந்துடும்ல? கொஞ்சம் எடுத்துக் குடும்மா."

"வேணாம் சார்" என்றேன்.

அவர் காதில் விழவில்லை போலிருந்தது. இன்னொரு முறை, கொஞ்சம் உரக்கச் சொன்னேன். "வேணாம் சார். ஒருதடவை நான் எடுத்துட்டேன். அக்கா வந்து கேட்டாங்க. நீங்க படிச்சுப் பாருங்க."

அக்கா உட்காரும் அதே ஸ்டூலில் உட்கார்ந்து படித்தார். இரண்டு பேர் வந்து ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் நிமிரவில்லை. தாளைத் திருப்பி மறுபக்கத்தையும் படித்தார்.

"அப்ப எனக்குப் பதினைஞ்சு வயசு" என்றார் கடைசியில். "நைனாவுக்குத் தெரியாம அக்காவைத் தேடிக்கினு போனேன். பெரம்பூர் ஸ்டேஷன் வரிக்கும்தான் தெரியும். அங்கியே நின்னுட்டுத் திரும்பிட்டேன். இந்த ஊடு எந்தப் பக்கம்மா?"

வாரா வாரம் வந்தபோது அக்கா எனக்குச் சொல்லியிருந்த வழியை நான் சொன்னேன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து, ரயில்வே சுவரை ஒட்டியே இடதுபக்கம் நடக்க வேண்டும். பேக்கரி தாண்டி முதல் சந்து, மூன்றாவது வீடு, வெளியே இரும்புப் படி, மேலே பச்சைக் கதவு. மெதுவாகச் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு பன்னிரண்டு பிரதிகளையும் அப்படியே பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

பெரம்பூருக்கு நான் இதுவரை போனதில்லை. அந்தச் சந்து இப்போதும் இருக்கிறதா என்றும் தெரியாது. ஆனாலும் ஸ்டெல்லா அக்காவிடமிருந்து நான் எனக்கென்று வைத்திருப்பது அந்த வழியைத்தான். உங்களில் யாராவது கேட்டால், தலையைக் குனிந்துகொள்ளாமல் சொல்வேன்.