தம்பிக்கு வயிற்று வலி

பிரசவம் பார்க்கும் மருத்துவமாதுகளுக்கு நடக்கும் வகுப்புகளில் இப்போது என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள். எங்களைப் போன்றவர்கள் வைத்தியத்துக்கு வந்தால் எதை எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்கிறவன் என்றுதான் ஆரம்பிப்பேன். அந்த ஒரு வரியைச் சொல்லி முடிப்பதற்குள் காது இரண்டும் சுடும். போகப் போகப் பழகிவிடும் என்றார்கள். எனக்கு இன்னும் பழகவில்லை.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்கெல்லாம் நான் தம்பிதான். அதற்குக் காரணம் அண்ணி. அவர் கல்யாணமாகி வந்த புதிதில், சட்டையும் சாரமுமாகத் திரிந்த என்னை அம்மா பெண் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டிருப்பார். ஒருநாள் நடுவில் புகுந்து, "தம்பி, கொஞ்சம் தண்ணி கொண்டாங்க" என்றார் அண்ணி. பிறகு எல்லோருக்கும் அதுவே பழகிவிட்டது.

அப்படியிருக்கும்போதுதான் வயிற்று வலி வந்தது. கூடவே உதிரப்போக்கு. நிற்கவே இல்லை. அண்ணியிடம் வலியை மட்டும் சொன்னேன். தம்பி என்று கூப்பிடுகிறவரிடம் மற்றதை எந்த முகத்தோடு சொல்வது? பழைய துவாயை மடித்து சீட்டில் போட்டுக்கொண்டு ஆட்டோ ஓட்டினேன்.

எங்கள் தோட்டத்து ஆட்கள் டொக்டரிடம் தனியாகப் போவதில்லை. சிங்களம் தெரிந்த யாரையாவது கூட்டிப்போவோம். நம் நோயை அவர்தான் எடுத்துச் சொல்வார். என் சிங்களம் ஆட்டோக் கூலி பேசத்தான் காணும். அண்ணி பிறந்தது மொனராகலையில், அவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. இருவரும் பதுளை டவுனில் ஒரு தனியார் டிஸ்பென்சரிக்குப் போனோம்.

டொக்டர் என் கிராப்பையும் சட்டையையும் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். அண்ணி ஒரு நொடிகூடத் தயங்காமல் "மல்லி" என்றார். மல்லி என்றால் தம்பி. அதற்குமேல் டொக்டர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. கேஸ்ட்ரிக் என்று மாத்திரை கிடைத்தது. என் மானத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தி அண்ணியின் முகத்தில். நானும் அந்த மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கினேன், சரியான கிறுக்கன்.

மழைக்காலம் முழுக்க அப்படியே ஓடியது. ஒரு காலை, வேலைக்குப் பெயர் கொடுக்க ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் மூட்டைகளை இறக்கிவிடப் போனேன். ஆட்டோவிலிருந்து இறங்கியவன் மயங்கி விழுந்தேன். தூக்க வந்தவர்கள் என் சாரத்தைப் பார்த்தார்கள், சீட்டைப் பார்த்தார்கள். பெரட்டுக்கு வந்திருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அப்படியே செத்துப்போயிருக்கலாம் என்றிருந்தது. அண்ணி ஓடிவந்து தன் துவாயை என் இடுப்பில் சுற்றினார். "என்கிட்ட ஏன் தம்பி சொல்லல?" என்று மட்டும் கேட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் அண்ணி பேசுவதற்குள் நானே முந்திக்கொண்டேன். கர்ப்பப்பைக்குச் சிங்களத்தில் என்ன சொல் என்று தெரியவில்லை. அடிவயிற்றைத் தொட்டு, பிள்ளை இருக்கும் இடம் என்றேன். தலையை நிமிர்த்தவே இல்லை. கட்டி வளர்ந்திருந்தது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் உயிரோடு இருந்திருக்க மாட்டேன் என்றார்கள்.

வகுப்பில் இதுவரை சொல்வேன். கூட வந்தவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள் என்பேன். அவரை அனுப்பிவிட்டால் சிங்களம் யார் பேசுவது என்று ஒரு மருத்துவமாது திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. ஆஸ்பத்திரியிலேயே தமிழ் தெரிந்த ஒருவரைப் போடச் சொல்லி இப்போது அலைந்துகொண்டிருக்கிறோம்.

வார்டைப் பற்றி மட்டும் சொல்வதில்லை. பெண்கள் வார்டில்தான் எனக்குக் கட்டில் கொடுத்தார்கள். எதிர்க்கட்டில் பெண் சேலையை இழுத்து மூடிக்கொண்டு, ஆம்பளையை ஏன் இங்கே போட்டிருக்கிறார்கள் என்று சத்தமாகவே கேட்டார். எனக்கு உடம்பு கூசியது. அண்ணி சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவசரப்படாமல் பதில் சொன்னார்.

"எங்க வீட்டுத் தம்பிதாங்க. கர்ப்பப்பையில கட்டி. நாளைக்கு ஒப்பரேசன்."

வார்டு முழுக்கக் கேட்டது. நான் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டேன். அண்ணி அதை விலக்கிவிட்டு, சோற்றைப் பிசைந்து, வாயைத் திறக்கச் சொன்னார்.